பையிலே இரண்டு எடைக்கல்

வாலிபருக்கும் பெற்றோருக்கும் வேதபாடம்
வாசிக்க: உபாகமம் 25:13-16, ஆதியாகமம் 38, யோவான் 8:1-11, 1 தீமோத்தேயு 5:1,2



வாரத்தில் ஆறு நாள் நான் மளிகைக் கடையில் நிற்கிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். இப்போது எலக்ட்ரானிக் தராசு வந்துவிட்டது. ஆனாலும் என் தகப்பனார் காலத்து இரும்பு எடைக்கற்கள் இன்னும் கல்லாப்பெட்டிக்கு அடியில் கிடக்கின்றன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் அவர் சொன்னது ஞாபகம் வரும்: "சில கடைக்காரன் வாங்குறதுக்கு ஒரு கல்லு, விக்கிறதுக்கு ஒரு கல்லு வச்சிருப்பான்டா. ரெண்டு கல்லுலயும் ஒரு கிலோன்னுதான் எழுதியிருக்கும்."

உபாகமம் 25-ம் அதிகாரத்தில் மோசே இதைத்தான் பேசுகிறார். கவனியுங்கள். கள்ள எடை போட்ட பிறகு வரும் கணக்கை அவர் அங்கே பேசவில்லை. பெரியதும் சிறியதுமாக இரண்டு கல் உன் பையில் இருக்கவே கூடாது என்கிறார். பையில் இருந்தால் ஒருநாள் கை அதைத் தேடும்.

பிரியமானவர்களே, நம்முடைய வீட்டிலும் சபையிலும் இப்படி இரண்டு கல் இருக்கிறது. பையனுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. இரண்டிலும் "பரிசுத்தம்" என்றுதான் எழுதியிருக்கிறது. எடை மட்டும் வேறே.

1. யூதா பிடித்த தராசு

ஆதியாகமம் 38-ம் அதிகாரத்தைப் பிள்ளைகள் இருக்கும் கூட்டத்தில் வாசிக்க நாம் கூச்சப்படுகிறோம். ஆனால் ஆவியானவர் அதை யோசேப்பின் சரித்திரத்துக்கு நடுவிலே வைத்திருக்கிறார்.

யூதாவின் மருமகள் தாமார். இரண்டு புருஷர்கள் மரித்தபின் மூன்றாம் குமாரன் சேலா பெரியவனானதும் அவனைத் தருவதாகச் சொல்லி, யூதா அவளைத் தகப்பன் வீட்டுக்கு அனுப்பினான். சேலா பெரியவனானான். யூதா கொடுக்கவில்லை. பின்பு யூதா மனைவியை இழந்து, ஆட்டுமயிர் கத்தரிக்கிற இடத்துக்குத் திம்னாவுக்குப் போகிற வழியிலே, முக்காடிட்டு உட்கார்ந்திருந்த ஒருத்தியை வேசி என்று நினைத்து அவளிடத்தில் சேர்ந்தான். அவள் தாமார் என்று அவனுக்குத் தெரியாது. ஆட்டுக்குட்டி அனுப்புகிறேன் என்று சொல்லி, முத்திரை மோதிரத்தையும் ஆரத்தையும் கைக்கோலையும் அடைமானமாகக் கொடுத்தான்.

தன் பாவத்தைப் பற்றி அவனுக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று. ஊரார் சிரிப்பார்களே! (வசனம் 23). ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து, மருமகள் கர்ப்பமாயிருக்கிறாள் என்று கேட்டதும், விசாரணை இல்லை, கேள்வி இல்லை, அவளைச் சுட்டெரிக்கச் சொன்னான். செயல் ஒன்று. ஆணுக்கு வந்தது வெட்கம், பெண்ணுக்கு வந்தது நெருப்பு.

தாமார் செய்த வழி நமக்கு மாதிரி அல்ல. ஆனாலும் அவள் அந்த அடைமானத்தை அனுப்பி, இவை யாருடையது என்று பார்க்கச் சொன்னபோது, யூதாவின் பையிலிருந்த இரண்டாவது கல் வெளியே வந்தது. யூதாவைப் பற்றி ஒரு நல்ல காரியம் சொல்ல வேண்டும். அவன் மழுப்பவில்லை. அவள் என்னைவிட நீதியுள்ளவள் என்று எல்லார் முன்பாகவும் ஒத்துக்கொண்டான். மத்தேயு 1:3-ல் கிறிஸ்துவின் வம்ச வரலாற்றில் தாமாரின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது.

2. அந்த ஆண் எங்கே?

யோவான் 8-ல் விபசாரத்தில் கையும் மெய்யுமாகப் பிடிபட்ட ஸ்திரீயைக் கொண்டுவந்தார்கள். கையும் மெய்யுமாகப் பிடித்தால் இரண்டு பேர் இருந்திருக்க வேண்டுமே! லேவியராகமம் 20:10-ம் உபாகமம் 22:22-ம் இரண்டு பேரையும் சேர்த்தே சொல்கின்றன. நியாயப்பிரமாணத்தைக் கையில் வைத்துக்கொண்டே அதில் பாதியைப் பையில் மறைத்தார்கள். ஆண்டவர் அவளுடைய பாவத்தைப் பாவமில்லை என்று சொல்லவில்லை, இனிச் செய்யாதே என்றார். ஆனால் கல்லைத் தூக்கியவர்களை முதலில் தங்களைத் தாங்களே எடை போட வைத்தார்.

3. சட்டத்திலும் இரண்டு கல்

"இதெல்லாம் பழைய ஏற்பாட்டுக் காலம்" என்று நினைக்காதீர்கள். கிறிஸ்தவர்களாகிய நமக்கென்று போடப்பட்ட 1869-ம் வருஷத்து இந்திய விவாகரத்துச் சட்டத்தின் 10-வது பிரிவைப் பாருங்கள். மனைவி விபசாரம் செய்தாள் என்று நிரூபித்தால் அதுவே புருஷனுக்குப் போதும். ஆனால் புருஷன் விபசாரம் செய்தான் என்று மனைவி நிரூபித்தால் போதாது. அதோடு கொடுமை செய்தான், அல்லது இரண்டு வருஷம் கைவிட்டுப் போனான் என்பதுபோல இன்னொன்றையும் நிரூபிக்க வேண்டும். இந்த வித்தியாசம் 2001-ம் வருஷத் திருத்தத்தில்தான் நீங்கியது. 132 வருஷம்! நம்முடைய பாட்டிமார், தாய்மார் அந்தக் கல்லின் கீழேதான் இருந்தார்கள்.

இங்கிலாந்தில் 1857-ல் போட்ட சட்டமும் இப்படியே இருந்தது. 1923-ல்தான் சமமாக்கினார்கள். அதே நாட்டில் 1864 முதல் இன்னொரு சட்டம் இருந்தது. ராணுவமும் கப்பற்படையும் தங்கும் ஊர்களில், வேசி என்று சந்தேகப்பட்ட பெண்ணைப் போலீஸ் பிடித்து வைத்தியப் பரிசோதனைக்கு உட்படுத்தலாம். அவளிடம் போன சிப்பாய்க்குப் பரிசோதனை இல்லை. ஜோசபின் பட்லர் என்ற அம்மையார் இதை எதிர்த்து எழுந்தார். ஒரு குருவானவரின் மனைவி, ஜெபிக்கிறவர். சொந்த மகளைப் பறிகொடுத்த துக்கத்தில், கைவிடப்பட்ட பெண்களைத் தேடிப் போனவர். கண்ணியமான பெண் மேடையில் பேசக்கூடாத விஷயம் என்று பலர் இகழ்ந்தார்கள். அவர் நிறுத்தவில்லை. 1886-ல் அந்தச் சட்டம் ரத்தானது.

4. என் கையிலிருந்த கல்

மற்றவர்களைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் போனால் நான் யூதாவைவிட மோசமானவன்.

2013-ம் வருஷம். நம் சபையில் நர்சிங் படித்துக்கொண்டிருந்த ஒரு தங்கையும், ஆராதனையில் கீபோர்டு வாசித்த ஒரு தம்பியும் பஸ் ஸ்டாண்டு அருகே சேர்ந்து டீ குடித்ததையும், இரவில் போனில் பேசுவதையும் யாரோ வந்து சொன்னார்கள். மூப்பர்களோடு பேசினேன். அந்தத் தங்கையைப் பாடகர் குழுவிலிருந்து நிறுத்தினோம். பின்வரிசையில் உட்காரச் சொன்னோம். மூன்று மாதம் திருவிருந்து கிடையாது. தம்பியை என்ன செய்தோம்? தனியாகக் கூப்பிட்டு, தலையில் கை வைத்து ஜெபித்து, "ஜாக்கிரதையா இருப்பா" என்றேன். அடுத்த ஞாயிறு அவன் வழக்கம்போல வாசித்தான். வாசிக்க வேறு ஆள் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவளுடைய தாயார் வந்து கேட்டார்கள்: "பாஸ்டர், ரெண்டு பேரும்தானே டீ குடிச்சாங்க?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆம்பளை சேத்தைக் கண்டா மிதிப்பான், தண்ணியைக் கண்டா கழுவுவான், பொம்பளைப் பிள்ளைதாம்மா ஜாக்கிரதையா இருக்கணும்" என்றேன். வேத வசனம் கேட்க வந்த தாய்க்கு ஊர்ப் பழமொழியைக் கொடுத்து அனுப்பினேன். அந்தக் குடும்பம் அதன்பின் வரவில்லை.

மூன்று வருஷம் கழித்து ஒரு வீட்டு ஜெபக் கூட்டத்துக்காக ஆதியாகமம் 38-ஐ ஆயத்தம் பண்ணினேன். 25-ம் வசனத்துக்கு மேல் என்னால் போக முடியவில்லை. மறுநாள் மனைவியையும் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்தத் தங்கை தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவளிடமும் தாயாரிடமும் மன்னிப்புக் கேட்டேன். அவள் சொன்னாள்: "நான் தப்பே பண்ணலைன்னு சொல்லலை பாஸ்டர். ஆனா அவன் முன்னாடி கீபோர்டு வாசிக்க, நான் பின்னாடி உக்காந்து அதே பாட்டுக்குக் கை தட்டினேன். அதுதான் மறக்க முடியலை."

மன்னித்தாள். ஆனால் நம் சபைக்குத் திரும்பி வரவில்லை, வேறு சபைக்குப் போகிறாள். அது அவளுக்குள்ள உரிமை. இழந்தது நாம். அந்தத் தம்பியையும் நான் நஷ்டப்படுத்தினேன். தவறுக்கு விலை இல்லை என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.

5. பழகும் முறையில் ஒரே கல்

டேட்டிங் என்ற வார்த்தையே சபையில் வேண்டாம் என்கிறார்கள் பெரியவர்கள். கல்யாணத்துக்கு முன் தனிமையில் சுற்றுவதை நானும் ஆதரிக்கிறவன் அல்ல. ஆனால் பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? நம் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் பேசுகிறார்கள். நிச்சயம் செய்த பிள்ளைகளும் பேசுகிறார்கள். எப்படிப் பேச வேண்டும் என்று யார் சொல்லிக்கொடுத்தோம்? பவுல் தீமோத்தேயுவுக்குச் சொன்ன பாலிய ஸ்திரீகளைச் சகோதரிகளாக எண்ணும் கற்பு, ஆணுக்குக் கொடுத்த கட்டளை என்பதை மறக்கக் கூடாது.

அ) "வேண்டாம்" என்றால் வேண்டாம். ஒரு பெண் மறுத்தபின் திரும்பத் திரும்ப அழைப்பதும், பின்னால் போவதும் அன்பு அல்ல. 2013 முதல் நம் நாட்டுச் சட்டத்திலும் அது குற்றம். "ஆண்டவர் உன்னை எனக்குக் காட்டினார்" என்று வசனம் சொல்லி வற்புறுத்துவது அதைவிடக் கொடியது. ஆண்டவர் அவளுக்கும் பேசுகிறவர்.

ஆ) நம்பி அனுப்பிய படமும் செய்தியும் அடைமானப் பொருள் அல்ல. உறவு முறிந்தால் அழித்துவிடு. நண்பனுக்குக் காட்டாதே. இது தம்பிக்கும் சரி, தங்கைக்கும் சரி.

இ) அவள் போனைத் திறந்து பார்க்க உனக்கு உரிமை உண்டென்றால், உன் போனைத் திறந்து பார்க்க அவளுக்கும் உண்டு. அவளுடைய பழைய காலத்தைக் கேட்கிறவன் தன்னுடையதைச் சொல்ல ஆயத்தமாக இருக்கட்டும்.

ஈ) தங்கைகளே, உங்களுக்கும் அதே கல்தான். சமம் என்று கேட்டுவிட்டு, செலவெல்லாம் பையன் தலையில் என்று இருக்கலாமா? விருப்பமில்லாதவனைக் காக்க வைத்து அலைக்கழிப்பதும், சம்பளத்தை வைத்து ஒருவனைக் கேலி பேசுவதும் கள்ள எடையே.

உ) பெற்றோரே, பெண்ணைப் பற்றித் தெருவெல்லாம் விசாரிக்கிறீர்கள். பையனைப் பற்றிக் கேட்டால் "நல்ல வேலை" என்பதோடு முடிகிறது. அவன் குடிக்கிறானா, கடன் உண்டா, கோபக்காரனா என்றும் விசாரியுங்கள். "நாங்க எதுவும் கேக்கலை, உங்க பொண்ணுக்கு நீங்க செய்றதைச் செய்யுங்க" என்பதும் கேட்பதுதான். 1961 முதல் வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் குற்றம்.

ஊ) மகள் ஏழு மணிக்கு வந்தால் ஆயிரம் கேள்வி, மகன் பதினோரு மணிக்கு வந்தால் சூடாகத் தோசை! "வெளியே பெண்ணுக்குத்தானே ஆபத்து" என்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்த ஆபத்து யார் வீட்டிலிருந்து புறப்படுகிறது? கேள்வி கேட்கப்படாத மகன் உள்ள வீட்டிலிருந்துதானே.

"அப்படியானால் பெண்பிள்ளைகளுக்கு ஒழுங்கே வேண்டாமா?" என்று சிலர் கேட்கலாம். பெண்ணுக்கான கல்லைக் குறைக்கச் சொல்லவில்லை. பையனுக்கான கல்லில் குறையும் எடையைக் கூட்டுங்கள் என்கிறேன்.

இனி நம் சபையில், இருவர் சேர்ந்து தவறினால் இருவரையும் ஒரே நாளில், ஒரே வார்த்தையில், ஒரே காலத்துக்கு ஒழுங்குபடுத்துவோம். அந்த ஞாயிறு கீபோர்டு இல்லாமல் பாட வேண்டியிருந்தால், கைத்தாளத்தோடு பாடுவோம்.

சிந்திக்க
1. உங்கள் வீட்டில் மகனிடம் ஒருபோதும் கேட்காத, மகளிடம் மட்டும் கேட்கும் கேள்வி எது?
2. யாரையாவது பாதிக் கதை கேட்டு நியாயந்தீர்த்திருக்கிறீர்களா? அவர்கள் வீட்டுக்கு எப்போது போவீர்கள்?

ஜெபம்: பரலோகப் பிதாவே, எங்கள் பையிலிருக்கும் இரண்டாவது கல்லை எங்களுக்குக் காட்டும். அதை எறிந்துவிடப் பெலன் தாரும். எங்களால் பின்வரிசைக்குப் போனவர்களை ஆற்றும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஆமென்.