சமதளம் எல்லாம் உச்சி அல்ல

தம்பி தங்கைகளே, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் ஏறியிருப்பீர்கள். 500க்கும் மேற்பட்ட படிகள். நடுநடுவே சமதளம் வரும்; கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்வோம். கால் சமமாக நிற்கிறது என்பதற்காக ‘உச்சி வந்துடுச்சு’ என்று யாராவது சொல்வோமா?

படிவம் 5 கூடுதல் கணிதத்தில் பலர் அப்படித்தான் சொல்லிவிடுகிறார்கள். வகையிட்டு, சுழிக்குச் சமப்படுத்தி, கிடைத்த விடையை எல்லாம் ‘டர்னிங் பாய்ண்ட்’ என்று எழுதிவிடுகிறார்கள். சரிவு சுழி என்றால் அது நிலைப்புள்ளி மட்டுமே. வரைபடம் ஏறி இறங்கினால் அல்லது இறங்கி ஏறினால்தான் அது திரும்பு புள்ளி.

ஓர் உதாரணம். பாயான் பாரு இளைஞர்கள் தண்ணீர்ப் பந்தலில் கடலை வைக்க, மூடியில்லாத அட்டைப்பெட்டி செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அட்டை 30 செ.மீ. சதுரம். நான்கு மூலையிலும் ‘அ’ செ.மீ. பக்கமுள்ள சதுரத்தை வெட்டி, ஓரங்களை மடிக்க வேண்டும். எவ்வளவு வெட்டினால் அதிகக் கடலை கொள்ளும்?

கொள்ளளவு = அ(30 − 2அ)² = 4அ³ − 120அ² + 900அ

வகைக்கெழு = 12அ² − 240அ + 900 = 12(அ − 5)(அ − 15)

சுழியாகும் இடங்கள் 5, 15. இங்கே நிறுத்திவிடாதீர்கள், இரண்டு பக்கமும் பாருங்கள். 5க்குச் சற்று முன் வகைக்கெழு நேர்க்குறி, தாண்டியதும் எதிர்க்குறி. ஏறி இறங்குகிறது, ஆகவே உச்சம். எண்ணைப் போட்டும் பார்க்கலாம்: 4 செ.மீ. வெட்டினால் 1936, 5 வெட்டினால் 2000, 6 வெட்டினால் 1944 கன செ.மீ. 15இல் வரைபடம் இறங்கி ஏறும். ஆனால் 15 வெட்டினால் அட்டையே மிஞ்சாது! ஆகவே விடை 5 செ.மீ.; பெட்டி சரியாக 2 லிட்டர் கொள்ளும்.

மூன்றாம் படிக் கோவையை வகையிட்டால் இரண்டாம் படி வரும். அது அதிகம் போனால் இரண்டு இடத்தில்தான் சுழியாகும். அதனால் மூன்றாம் படிக்கு அதிகபட்சம் 2 திரும்பு புள்ளிகள். நான்காம் படிக்கு 3. ‘அதிகபட்சம்’ என்ற சொல்லை மறக்க வேண்டாம்.

அ³ஐப் பாருங்கள். வகைக்கெழு 3அ², 0இல் சுழி. ஆனால் இரண்டு பக்கமும் நேர்க்குறி. ஏறி, ஒரு கணம் நின்று, மறுபடி ஏறுகிறது. இதுதான் நம் படிக்கட்டுச் சமதளம். திரும்பு புள்ளி ஒன்றுகூட இல்லை.

‘நான் இரண்டாம் வகைக்கெழு பார்ப்பேனே’ என்பீர்கள். அது சுழி ஆகாதவரை சரி. அ³, அ⁴ இரண்டுக்கும் 0இல் இரண்டாம் வகைக்கெழுவும் சுழிதான். ஆனால் அ⁴ அங்கே இறங்கி ஏறுகிறது. அ³ திரும்பவே இல்லை. அந்த நேரத்தில் கைகொடுப்பது இரு பக்கக் குறி பார்ப்பதுதான்.

நம் முன்னோருக்கும் இது புதிதல்ல. 1150இல் சித்தாந்த சிரோமணி எழுதிய பாஸ்கரர், கோளின் சராசரி இடத்துக்கும் உண்மை இடத்துக்கும் உள்ள வேறுபாடு உச்சத்தைத் தொடும்போது, அந்த வேறுபாடு மாறும் வேகம் சுழியாவதைக் கண்டிருந்தார்.

நீங்களே செய்து பாருங்கள்: அ³ − 3அ, அ³ + 3அ. ஒன்றுக்கு இரண்டு திரும்பு புள்ளிகள், மற்றதற்கு ஒன்றும் இல்லை. எது எது, ஏன்? விடையோடு காரணத்தையும் எழுதுங்கள். பாதி வழியில் நின்றுவிட்டு உச்சி என்று சொல்லாமல், இன்னும் ஓர் அடி எடுத்து வைத்துப் பார்க்கும் பழக்கம் வரட்டும்.