பெருங்குடிக்குப் போகும் பிரியாணி



புவி வெப்பம் என்றதும் தொழிற்சாலை, கார், விமானம் என்றே நம் நினைவு போகும். அவற்றில் நம் கை எட்டுவது குறைவு. எட்டுகிற ஒன்று நம் வலீமா தேக்ஸாவிலேயே இருக்கிறது.

பிரியாணிக்கு வேண்டிய இரண்டு முக்கியப் பொருளும் மீத்தேன் வாயுவோடுதான் வருகின்றன. ஆடு அசைபோடும்போது அது வெளியேறுகிறது. நீர் தேங்கிய நெல்வயலிலிருந்தும் கிளம்புகிறது. சாப்பிட்டால் அதற்கொரு நியாயமுண்டு. மிஞ்சினால் இலை, பிளாஸ்டிக் தம்ளரோடு ஒரே மூட்டையாகிப் பெருங்குடி குப்பைக் கிடங்குக்குப் போகிறது. அங்கே காற்றுப் புகாத குவியலுக்குள் அழுகி, மறுபடியும் மீத்தேன். கார்பன் டை ஆக்ஸைடோடு ஒப்பிட்டால், நூறு ஆண்டுக் கணக்கில் அது சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். 20 ஆண்டுக் கணக்கில் 80 மடங்குக்கும் மேல். எளிதில் தீப்பற்றவும் கூடியது. 2022 ஏப்ரலில் அந்தக் கிடங்கு எரிந்து நாட்கணக்கில் புகைந்தது நினைவிருக்கும்.

கிடங்கு இருப்பதே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை விழுங்கித்தான். மழைநீரை வாங்கிக்கொள்ளும் நிலம் அது. 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அடுத்த ஆண்டு மிக்ஜாம் புயலில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் எப்படி மூழ்கின என்று நம் உறவினர்களே சொல்வார்கள்.

இஸ்ராஃப் கூடாதென்று மதரஸாவில் சிறுவயதிலேயே படித்தோம். ஆனாலும் 'குறைந்துவிட்டால் மானம் போய்விடுமே' என்ற பயம். சென்ற ரமலானில் நம் டிரஸ்ட் இஃப்தாரிலும் கஞ்சி மிஞ்சியது. தலை எண்ணாமல் பண்டாரியிடம் கூடுதலாகப் போடச் சொன்னவன் நான்தான்.

ஆகவே இந்த ரமலானில், நாளை எத்தனை பேர் வருவீர்கள் என்று முதல் நாள் இஷாவுக்குள் சொல்லிவிடுங்கள். விருந்து வைக்கும் வீட்டார், கை படாத பிரியாணியைச் சூடாக இருக்கும்போதே பொட்டலம் கட்டி அனுப்புங்கள். இரவெல்லாம் வெளியில் கிடந்த சோற்றைக் காலையில் ஏழைக்குக் கொடுப்பது ஸதகா ஆகாது. அதில் ஊறும் நச்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. தெற்கத்தி ஊர்களில் ஒரே ஸஹனில் பலர் கூடி உண்கிறார்கள். தனித்தனித் தட்டில் மிஞ்சுகிற அளவு அதில் மிஞ்சுவதில்லை. நம் மஹல்லாவில் ஏன் அதைத் தொடங்கக்கூடாது?

எச்சில் சோற்றையும் எலும்பையும் பிளாஸ்டிக்கோடு கலக்காமல் ஈரக்குப்பையாகத் தனியே கொடுங்கள். பிரித்துக் கொடுத்தால்தான் அது உரமாக முடியும். அதற்கான இரண்டு பெரிய டிரம்களை டிரஸ்ட் வாங்கி வைத்திருக்கிறது. விருந்துக்கு இரண்டு நாள் முன்பு கேட்டு எடுத்துச் செல்லலாம், வாடகை இல்லை. கழுவித் திருப்பித் தந்தால் போதும்.