முதல் அரண்மனையாக எதைப் பார்க்கலாம்?

கட்டடக்கலையோ வரலாறோ படிக்கும் மாணவர்களுக்கு முதல் ஆண்டிலேயே ஒரு பழைய மாளிகைக்குக் கல்விச் சுற்றுலா வாய்க்கிறது. எங்கே போவது என்பதை வகுப்பின் விருப்பத்துக்கு விட்டால் பெரும்பாலும் வரும் பதில் மைசூர். மூத்த மாணவர்கள் போன இடம், கைபேசியில் தினமும் கண்ணில் படும் இடம் என்பதற்கு மேல் அந்தத் தேர்வுக்குக் காரணம் இருப்பதில்லை. பணம் கட்டும் பெற்றோரும் பிள்ளை நாலு இடம் பார்த்துவிட்டு வரட்டும் என்று ஊட்டியையும் பிருந்தாவனத்தையும் சேர்த்துக் கேட்கிறார்கள். ஒரு மாணவர் முதன்முதலாக நிதானித்துப் பார்க்கும் பெரிய வீடு, பின்னால் பார்க்கப்போகும் எல்லா வீடுகளையும் அவர் எப்படிப் பார்ப்பார் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. அதனால் இதைக் கூட்டத்தின் போக்கில் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

எல்லோருக்கும் தெரிந்த இடங்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. மதுரையில் இருப்பவர்கள் திருமலை நாயக்கர் மகாலை ஒரு மாலையில் பார்த்துவிடலாம். 1636-ல் கட்டிய அரண்மனையில் இன்று நிற்பது ஒரு பகுதிதான். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாதர் இதிலிருந்து பலவற்றைப் பெயர்த்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார். எஞ்சியதை 19-ஆம் நூற்றாண்டில் நேப்பியர் பிரபு பழுது பார்த்தார். செங்கல்லும் சுதையும் எவ்வளவு உயரம் எழும்ப முடியும் என்பதற்கு அந்தத் தூண்களே போதும். ஆவணங்களில் நாட்டமுள்ளவர்களுக்குத் தஞ்சை அரண்மனையும் அதனுள் இருக்கும் சரசுவதி மகால் நூலகமும். ஓவியம் என்றால் ராமநாதபுரம் ராமலிங்க விலாசம்: 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய சுவரோவியங்களில் சேதுபதியின் போரும் அவையும் அந்தப்புரமும் ராமாயணக் காட்சிகளும் அடுத்தடுத்து வருகின்றன. அவ்வளவு தூரம் போகும் சுற்றுலாப் பேருந்துகள் ஊருக்குள் திரும்பாமல் ராமேசுவரத்துக்கே ஓடிவிடுவது வருத்தமான விஷயம். செட்டிநாடு இப்போது நாகரிகமாகிவிட்டது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் அந்த வீடுகள் அருமையான பாடம்தான். ஆனால் பல வீடுகள் பூட்டியே கிடக்கின்றன. கட்டணம் வாங்கிக்கொண்டு திறப்பவற்றிலும் எல்லாக் கட்டுகளுக்குள்ளும் விடுவதில்லை. உள்ளூரில் ஒருவரைப் பிடித்து முன்கூட்டியே பேசாமல் போனால் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

மைசூருக்கு வருகிறேன். இன்று நாம் பார்க்கும் அம்பா விலாசம் பழையது அல்ல. 1897-ல் இளவரசி ஜயலட்சும்மண்ணியின் திருமணத்தின்போது அங்கிருந்த மர அரண்மனை எரிந்துபோனது. அதன் இடத்தில் ஹென்றி இர்வின் வரைந்த கட்டடம் 1912-ல் முடிந்தது. செலவு ஏறக்குறைய 42 லட்சம் ரூபாய். சென்னை உயர் நீதிமன்றத்தை உருவாக்கியவர்களில் ஒருவர் இந்த இர்வின். சிம்லாவில் வைசிராய்க்கு மாளிகை கட்டியதும் அவர்தான். கல்யாண மண்டபத்தைத் தாங்கும் வார்ப்பிரும்புத் தூண்கள் கிளாஸ்கோ பட்டறையிலிருந்து கப்பலில் வந்தவை. அதாவது, சென்னையிலும் சிம்லாவிலும் வேலை பார்த்த ஒரு கை, அயலூர்ப் பட்டறைகளின் சரக்கைக் கொண்டு அரசரின் கொலுவுக்காக எழுப்பிய மேடை அது. அந்த வகையில் சிறந்த வேலை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மைசூர் மழைக்கும் வெயிலுக்கும் வீடு எப்படி ஈடு கொடுக்கிறது, அங்கே கிடைக்கும் மரமும் மண்ணும் கூரையின் வடிவை எப்படித் தீர்மானிக்கின்றன என்று கேட்டால் அந்தத் தூண்களிடம் பதில் கிடைக்காது.

அதைவிடப் பெரிய குறை, பார்க்கும் முறையில் இருக்கிறது. உள்ளே ஒரே வழி, ஒரே திசை. பொம்மைக் கொலு, தங்க அம்பாரி, மயில் கண்ணாடி விதானம், தர்பார் மண்டபம் என்று விடுமுறை நாட்களில் பின்னால் வருபவர்கள் தள்ளத் தள்ள நகர வேண்டும். காட்டப்படுவதில் பெரும்பகுதி சடங்குக்கான இடம். அரச குடும்பம் ஒரு பகுதியில் இன்னும் வசிக்கிறது. அங்கே நாம் நுழைய முடியாது, நுழையக் கேட்பதும் நியாயமில்லை. ஆக, யார் சமைத்தார்கள், தண்ணீர் எங்கிருந்து வந்தது, வேலையாட்கள் எந்தப் படியில் ஏறினார்கள், மழைநீர் எங்கே போனது என்று ஒரு மாணவர் கேட்க வேண்டிய கேள்வி எதுவும் அந்தப் பாதையில் எழுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை ஏறத்தாழ ஒரு லட்சம் விளக்குகள் எரியும்போது கட்டடம் இன்னும் தட்டையாகிறது: கோட்டுருவம் மட்டும் தெரிகிறது, சுவரின் கனம் மறைந்துவிடுகிறது. அந்த ஒளிக்காகவே பயண நாளைக் குறிக்கும் ஆசிரியர்கள் ஒருமுறை யோசிக்க வேண்டும்.

அழகை ரசிப்பது கல்வி இல்லையா என்று கேட்பார்கள். கல்விதான், ஆனால் எதை ரசிக்கிறோம் என்று சொல்லத் தெரிந்த பிறகு. தீயில் அழிந்த மரத்துக்குப் பதிலாக இரும்பையும் கல்லையும் தேர்ந்தது காலத்துக்கேற்ற அறிவுதானே என்று கேட்டால், அது வலுவான வாதம். காலனிக் காலத்தில் நம் மன்னர்கள் என்ன மாதிரியான அரசர்களாகத் தோன்ற விரும்பினார்கள் என்பதை ஆராய அம்பா விலாசத்தைப் போல் இன்னொன்று கிடைக்காது. அதனால்தான் அதை மூன்றாம் ஆண்டுக்கு வைக்கச் சொல்கிறேன். ஒரு மர வீட்டைக் கூரையோடும் கைமரத்தோடும் அறிந்தவருக்கு மட்டுமே அது இரும்பாக மாறியபோது எது வந்தது, எது போனது என்று புரியும்.

அந்த மர வீடு பத்மநாபபுரம். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் சாலையில் தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை திருவிதாங்கூரின் தலைநகரம் இதுதான். 1956-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்த பிறகும் அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறையே காக்கிறது. நான் இதன் பக்கம் சாய்கிறேன் என்பதை மறைக்கவில்லை, காரணங்களைப் பாருங்கள். பூமுகத்தில் தொடங்கி ஒரு நாட்டின் அன்றாடம் முழுவதும் நடந்த வழியிலேயே நாமும் நடக்கலாம். மேலே மந்திரசாலை: அழிகளின் ஊடே காற்று வருகிறது, வண்ண அப்பிரகத் தகடுகள் வெளிச்சத்தை மட்டுப்படுத்துகின்றன, சுண்ணாம்பும் சிரட்டைக் கரியும் முட்டை வெண்கருவும் சேர்த்துச் செய்ததாகச் சொல்லப்படும் கருந்தரை காலுக்குக் குளிர்கிறது. வேளிமலை அடிவாரத்து மழைக்காகத்தான் அந்தச் சரிவான ஓட்டுக் கூரையும் தாழ்ந்த இறவாரமும். மிகப் பழைய பகுதியான தாய்க் கொட்டாரத்தில் பலாமரத் தூணின் செதுக்கல். ஏறக்குறைய 2,000 பேர் ஒரே நேரத்தில் உண்ணக்கூடிய ஊட்டுப்புரை. மார்த்தாண்ட வர்மா காலத்து உப்பரிகை மாளிகை. மரத்தால் ஆன அந்த வளாகத்திலேயே நவராத்திரி மண்டபத்தை மட்டும் கருங்கல்லில் கட்டியிருக்கிறார்கள். ஏன் என்று மாணவர்களே விவாதிக்கட்டும்.

தூரம் என்பார்கள். சென்னையிலிருந்து ஓர் இரவு ரயில். மற்ற இடங்களைச் சேர்க்க முடியாது என்பார்கள். சேர்க்காததுதான் நல்லது. இந்தப் படிப்புக்குத் தேவையான திறமை எண்ணிக்கையில் வளர்வதில்லை. ஒரே மூலையில் அரை மணி உட்கார்ந்து, உத்திரமும் தூணும் சேரும் இடத்தைப் பென்சிலால் மூன்று தடவை வரைந்து, மூன்றிலும் தவறி நாலாவதில் பிடிபடும்போது வளர்கிறது. வரைய வராதவர் மனம் தளர வேண்டாம். சிலருக்குக் கண், சிலருக்குக் காது, சிலருக்குக் கணக்கு. காவலர்கள் சொல்லும் கதைகளைக் குறித்துக்கொண்டு ஆவணத்தோடு ஒப்பிடுபவர் அடுத்த ஆண்டு தஞ்சைக்குப் போகட்டும், நிறத்தில் நின்றுவிடுபவர் ராமநாதபுரத்துக்கு. தனக்கு எது பிடிபடுகிறது என்பது அவசரப்படாத ஒரு முழுநாளில்தான் தெரியவரும், பெற்றோர் விருப்பமோ நண்பர்களின் போட்டியோ அதைச் சொல்லித்தராது.

திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. அளவெடுக்கவும் படமெடுக்கவும் எண்ணியிருந்தால் தொல்லியல் துறையிடம் முன்பே எழுதிக் கேளுங்கள். அறுபது பேரை ஒன்றாக உள்ளே விடாமல் பத்துப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே கேள்வி கொடுங்கள்: ஒரு குழுவுக்கு மழைநீர், ஒன்றுக்கு வெளிச்சம், ஒன்றுக்கு மரங்களின் இணைப்பு, ஒன்றுக்கு உணவு வந்த வழி. மதியத்துக்குப் பிறகு குழுக்கள் இடம் மாறி, முதல் குழு எழுதியதை இரண்டாம் குழு சரிபார்க்கட்டும்.