பழைய ஜீப் வண்டி: வாங்குவது ஒரு நாள், வைத்திருப்பது பல நாள்

கொழும்பிலும் கொலன்னாவை போன்ற அயல் இடங்களிலும் தங்கியுள்ள கமக்காரக் குடும்பங்கள் ஊர்க்காணிக்குத் திரும்புவதைப் பற்றிப் பேசும்போது, கிணறு, வேலி, விதைநெல் ஆகியவற்றுக்கு அடுத்ததாக எழுகின்ற கேள்வி போக்குவரத்து ஆகும். "பழைய லாண்ட் ரோவர் ஒன்று விலைக்கு இருக்கிறதாம். எடுத்தால் வயலுக்கும் ஆகும், சந்தைக்கும் ஆகும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோகவும் ஆகும்" என்று பலர் சொல்வதுண்டு. இந்த எண்ணத்தில் நியாயம் இருக்கின்றது. ஆனால் அடகு வைத்த நகையும், வெளிநாட்டிலிருந்து சகோதரர் அனுப்பிய காசும் ஒரே நாளில் ஒரு வண்டியாக மாறிவிடுகின்றன. அந்த வண்டி வீட்டுக்கு உழைக்குமா, அல்லது வீடு அந்த வண்டிக்கு உழைக்குமா என்பதை வாங்குமுன் சிந்திப்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. இது யாருக்காகச் செய்யப்பட்ட வண்டி?

ஜீப் என்றதும் பலருக்கு இராணுவம் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப் இரண்டாம் உலகப் போருக்காகவே செய்யப்பட்டது. ஆனால் லாண்ட் ரோவரின் கதை வேறு. பிரித்தானியாவின் ரோவர் நிறுவனத்தைச் சேர்ந்த மொறிஸ் வில்க்ஸ் என்ற பொறியியலாளர், வேல்ஸ் பகுதியிலிருந்த தமது பண்ணையில் போரில் மிஞ்சிய ஒரு ஜீப்பைப் பாவித்து வந்தார். அதற்குப் பதிலாகக் கமத்துக்கென ஒரு வண்டி செய்தால் என்ன என்ற எண்ணத்திலிருந்தே லாண்ட் ரோவர் பிறந்தது. 1948 ஏப்ரலில் அம்ஸ்ரடாம் கண்காட்சியில் அது முதன்முதலாக வைக்கப்பட்டது. எஞ்சினின் சக்தியை வெளியே எடுத்து வேறு கமப் பொறிகளை இயக்கும் ஏற்பாடும் அதில் இருந்தது. போருக்குப் பின் உருக்கு பங்கீட்டில் இருந்தமையால், உடல் அலுமினியக் கலப்புலோகத்தால் செய்யப்பட்டது. இலங்கையில் தேயிலைத் தோட்டங்களும் அரச திணைக்களங்களும் இவ்வகை வண்டிகளை நெடுங்காலம் பாவித்தன.

ஆகவே, இது கமக்காரனுக்குப் பொருத்தமற்ற வண்டி அன்று. ஆனால் சேறு, மேடு, சுமை என்பவற்றுக்காகச் செய்யப்பட்ட வண்டி அது. அதைத் தினமும் தார் வீதியில் ஓட்டும்போது செலவும் சிக்கலும் வேறாகின்றன.

2. பழைய வண்டி எங்கே உயிர் வாழ்கின்றது?

இந்தியாவின் டார்ஜிலிங் மாவட்டத்தில், நேபாள எல்லையோரத்தில் மானேபஞ்சாங் என்ற சிற்றூர் உண்டு. அங்கிருந்து 3,636 மீற்றர் உயரத்திலுள்ள சந்தக்பூ என்ற மலைமுடிக்கு ஏறத்தாழ 30 கி.மீ. தூரம். செங்குத்தான அந்தப் பாதையில் 1950களில் செய்யப்பட்ட லாண்ட் ரோவர்கள் பல பத்தாண்டுகளாக ஆட்களையும் சாமான்களையும் ஏற்றி ஓடின. அறுபது ஆண்டு கடந்த பின்னும் அவை ஓடியதன் காரணம் என்ன? வண்டியின் பெருமை மட்டும் அன்று. சாரதிகளே அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்கள். ஊரிலேயே அதைத் திருத்துபவர்கள் இருந்தார்கள். மூல எஞ்சின் தேய்ந்தபோது, பலவற்றில் இந்தியாவில் எளிதாகக் கிடைக்கும் மகிந்திரா டீசல் எஞ்சினைப் பொருத்திக்கொண்டார்கள். அறிவும் உதிரிப்பாகமும் அருகில் இருந்தமையால் வண்டியும் வாழ்ந்தது.

எமது சொந்த அனுபவமும் இதையே சொல்கின்றது. 1990இன் பின் பொருளாதாரத் தடை இருந்த ஆண்டுகளில், யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின், மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். எஞ்சின்கள் எளிமையானவை, அவற்றில் அமுக்கம் குறைவு. அதனால் அது முடிந்தது. ஆனால் அதற்கு விலையும் இருந்தது. மண்ணெண்ணெய் முழுமையாக ஆவியாவதில்லை. எரியாத பகுதி உருளைச் சுவர் வழியே கீழிறங்கி எஞ்சின் ஒயிலுடன் கலந்து அதைத் தண்ணீர்போல் ஆக்கும். அப்போது உள்ளுறுப்புகள் விரைவில் தேயும். ஒயிலை அடிக்கடி மாற்றியவரின் கார் நெடுங்காலம் ஓடியது. மாற்றாதவரின் கார் விரைவில் நின்றது. பெற்றோல் கிடைக்கின்ற காலத்தில் இந்த வழியைப் பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் பழைய வண்டியைக் காப்பது அதை வைத்திருப்பவரின் கவனமே என்ற பாடம் இன்றும் பொருந்தும்.

3. எரிபொருட் கணக்கு

2.25 லீற்றர் பெற்றோல் எஞ்சின் கொண்ட பழைய லாண்ட் ரோவர் ஒன்று, ஒரு லீற்றரில் ஏறத்தாழ 6 முதல் 7 கி.மீ. வரை ஓடும். நாளொன்றுக்கு 30 கி.மீ. வீதம் மாதத்தில் 25 நாள் ஓடினால் 750 கி.மீ. ஆகும். இதற்கு 110 முதல் 125 லீற்றர் வரை தேவை. அதே தூரத்தை லீற்றருக்கு 50 கி.மீ. ஓடும் மோட்டார் சைக்கிளில் போனால் 15 லீற்றர் போதும். இந்த எண்களை இன்றைய பெற்றோல் விலையால் பெருக்கி, வீட்டில் எல்லோரும் கூடியிருந்து பாருங்கள்.

2022இல் எரிபொருள் நெருக்கடி வந்து பங்கீட்டு முறை தொடங்கியபோது, கார் ஒன்றுக்கு வாரம் 20 லீற்றர் ஒதுக்கப்பட்டது. அந்த அளவு கிடைத்தாலும் இத்தகைய ஜீப் 120 முதல் 140 கி.மீ. தூரமே ஓடும். பெற்றோல் எஞ்சினை எடுத்துவிட்டு ஜப்பானிய டீசல் எஞ்சின் பொருத்திய ஜீப்புகள் எமது நாட்டில் பல உண்டு. இவற்றின் எரிபொருட் செலவு குறைவாக இருக்கலாம். ஆனால் மாற்றிய எஞ்சினின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் ஏற்றப்பட்டிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளின் விலையும் ஏறிவிட்டது. ஆகவே "பழையது, அதனால் மலிவு" என்று எண்ணிவிடலாகாது.

4. வாங்குமுன் பார்க்க வேண்டியவை

(அ) அடிச்சட்டம். உடல் அலுமினியம் என்பதால் துருப்பிடிக்காது; வெளியே பூச்சு பளபளக்கும். ஆனால் சேசி எனப்படும் அடிச்சட்டம் உருக்கு. கீழே படுத்து, சிறு சுத்தியலால் நீளத்துக்கும் தட்டிப் பாருங்கள். நல்ல உருக்கு கணீரென ஒலிக்கும். உள்ளே அரித்திருந்தால் மந்தமாக ஒலிக்கும். பின்புறக் குறுக்குச் சட்டத்தையும், வில்லுத் தகடுகள் பூட்டப்பட்ட இடங்களையும் சிறப்பாகப் பாருங்கள். எஞ்சினை மாற்றலாம், உக்கிய அடிச்சட்டத்துக்குப் பணம் கொட்டி முடியாது.

(ஆ) ஒயில். அச்சுப் பெட்டியின் ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துள்ளது என்று பொருள்.

(இ) ஸ்ரியறிங், பிறேக். ஸ்ரியறிங் வளையத்தை ஆட்டும்போது சில்லு அசையாமல் வளையம் மட்டும் அதிகம் ஆடினால், மூட்டுகள் தேய்ந்துள்ளன. பிறேக் மிதியை அழுத்திப் பிடித்தபடி ஒரு நிமிடம் வைத்திருங்கள். அது மெல்லக் கீழே இறங்கினால் வாங்க வேண்டாம். அல்லது திருத்தும் செலவை விலையில் கழித்துவிடுங்கள்.

(ஈ) பத்திரங்கள். சேசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் பதிவுப் புத்தகத்துடன் ஒப்பிடுங்கள். 1995 இடப்பெயர்விலும் 2009இல் முள்ளிவாய்க்காலிலும் பலர் தமது வண்டிகளையும் ஆவணங்களையும் இழந்தார்கள். கைவிடப்பட்ட ஒருவரின் வண்டி இன்னொருவரின் புத்தகத்துடன் விலைக்கு வரக்கூடும். இலக்கம் ஒட்டி உருக்கியதுபோல் தெரிந்தால் விலகிவிடுங்கள். அது உங்களைப் போன்ற ஒருவர் இழந்த சொத்தாகவும் இருக்கலாம்.

(உ) உதிரிப்பாகம். கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகளில் தேடினால் பல பாகங்கள் கிடைக்கும். ஆனால் நீங்கள் போய் வாழப்போவது கொழும்பில் அன்று. உங்கள் ஊரிலிருந்து அரை நாளில் போய்வரக்கூடிய தூரத்தில் இந்த வண்டியைத் திருத்தத் தெரிந்த ஒருவர் இருக்கின்றாரா? இல்லை என்றால் வாங்குவதைத் தள்ளிவையுங்கள்.

5. நாளாந்தம் ஓட்டும்போது

நான்கு சில்லும் இழுக்கும் நிலையைக் காய்ந்த தார் வீதியில் பாவிக்கலாகாது. வளைவில் திரும்பும்போது முன் சில்லுகள் பின் சில்லுகளைவிட அதிக தூரம் ஓடுகின்றன. பழைய வண்டிகளில் இந்த வித்தியாசத்தை ஈடுசெய்யும் பொறி முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் இல்லை. அதனால் அச்சுகள் முறுகி, ரயர் தேய்ந்து, ஈற்றில் பற்சக்கரம் உடையும். சேற்றிலும் மணலிலும் சில்லு சற்று வழுக்குவதால் இந்த முறுக்கு தளர்ந்துவிடும். பொதுவாக லாண்ட் ரோவரில் மஞ்சள் குமிழை அமுக்கினால் நான்கு சில்லும் இழுக்கும். சிவப்புக் குமிழுள்ள தண்டைப் பின்னே இழுத்தால் மெதுவேகப் பலம் கிடைக்கும். சிவப்புத் தண்டை வண்டி நிற்கும்போது மட்டும் மாற்றுங்கள்.

பழைய லாண்ட் ரோவரின் கைப்பிறேக் சில்லுகளைப் பிடிப்பதில்லை. பின் அச்சுக்குப் போகும் சுழல்தண்டையே பிடிக்கின்றது. பின் சில்லொன்றை ஜக் வைத்துத் தூக்கினால், தூக்கிய சில்லு சுழல, மற்றச் சில்லும் விடுபட்டு வண்டி உருளும். கைப்பிறேக்கை நம்பி வண்டிக்குக் கீழே போகாதீர்கள். நிலத்திலுள்ள சில்லுகளுக்கு இருபுறமும் கல் அல்லது மரக்கட்டை அடைகொடுத்த பின்னரே ஜக் வையுங்கள்.

வாய்க்கால் அல்லது வெள்ளம் கடந்த பின் பிறேக் ஈரமாகிப் பிடிக்காது. அல்லது ஒரு பக்கம் இழுக்கும். மெதுவாக ஓடியபடி மிதியைச் சிலமுறை இலேசாக அழுத்தி உலர்த்துங்கள். உயரமான வண்டி என்பதால் வளைவில் வேகம் ஆகாது. மேற்கூரையில் பிள்ளைகளையோ மூட்டையின்மேல் ஆட்களையோ ஏற்றவேண்டாம்.

காலையில் புறப்படுமுன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்: எஞ்சின் ஒயில், றேடியேற்றர் தண்ணீர், பிறேக் எண்ணெய், ரயர் காற்று, நிலத்தில் ஏதும் ஒழுகியுள்ளதா என்ற ஐந்தையும் பாருங்கள். சூடாக இருக்கும்போது றேடியேற்றர் மூடியைத் திறக்காதீர்கள். பெற்றோல் மணம் வந்தால், ஒழுக்கைக் கண்டுபிடிக்கும்வரை எஞ்சினை இயக்காதீர்கள்.

வன்னிக்கும் வடபகுதிக்கும் செல்பவர்களுக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை. எங்கும் போகக்கூடிய வண்டி என்பதற்காக எங்கும் போய்விடலாகாது. கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்படாத நிலத்தில் ஓட்டாதீர்கள். மண்டையோட்டுப் பலகையுள்ள இடத்தில், பள்ளத்தைத் தவிர்ப்பதற்காகக்கூட ஓடித் தேய்ந்த பாதையைவிட்டு இறங்காதீர்கள். சுற்றிப் போவதால் செலவாவது எரிபொருள் மட்டுமே.

6. அப்படியானால் யார் வாங்கலாம்?

வயலுக்கும் சந்தைக்கும் போகும் பாதை வருடம் முழுவதும் ஓடக்கூடியதாக இருந்தால், ஒரு தனிக் குடும்பத்துக்கு ஜீப் தேவையில்லை. மோட்டார் சைக்கிளும், உழவுக்கும் சுமைக்கும் பெட்டி பூட்டிய இருசில்லு உழவு இயந்திரமும் போதும். யானையைக் கட்டித் தீனி போடுகின்ற நிலைக்கு நாம் போகவேண்டியதில்லை.

மாரியில் பாதை துண்டிக்கப்படும் ஊரில், ஆசுபத்திரிக்கு நோயாளியையும் சந்தைக்கு மரக்கறியையும் கொண்டுபோக வேறு வழியில்லை என்றால், நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒன்றை வைத்திருப்பது நியாயமானது. அப்போதும் சில ஒழுங்குகள் தேவை. பதிவு யாருடைய பெயரில், பங்கு எவ்வளவு என்பதை எழுத்தில் வையுங்கள். பொறுப்பான சாரதிகள் இருவருக்குமேல் வேண்டாம். ஓடிய தூரம், ஊற்றிய எரிபொருள், மாற்றிய பாகம் மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஓடும் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஒரு தொகையைத் திருத்த நிதியாக ஒதுக்கி, அதை வேறு செலவுக்கு எடுக்காதீர்கள். தனியார் பாவனைக்கெனக் காப்புறுதி செய்த வண்டியில் கூலிக்கு ஆள் ஏற்றினால், விபத்தின்போது இழப்பீடு மறுக்கப்படலாம் என்பதையும் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

வாங்கும் பணத்தில் ஒரு பங்கைக் கையில் மீதியாக வைத்துக்கொண்டு வாங்குங்கள். கைப்பணம் முழுவதையும் கொடுத்து வாங்கிய பழைய வண்டி, முதலாவது பழுதோடு முற்றத்தில் நின்றுவிடும். கோழிகள் அதற்குள் முட்டையிடும்; கடன் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

கலந்துரையாடலுக்கு

1. எமது குடும்பம் கடந்த மாதம் எங்கெங்கே, எத்தனை முறை, என்ன சுமையுடன் போனது? அவற்றுள் ஜீப் இல்லாமல் முடியாத பயணங்கள் எத்தனை?

2. மேலே சொன்ன எரிபொருட் கணக்கை இன்றைய விலையில் செய்து பாருங்கள். ஒரு போகத்து வருமானத்தில் அது எத்தனை பங்கு?

3. எமது ஊரில் இவ்வகை வண்டியைத் திருத்தத் தெரிந்தவர் யார்? அவரிடம் இளைஞர் ஒருவரைப் பழக விடலாமா?

4. கூட்டாக வாங்குவதானால், வண்டியை முதலில் யாருடைய தேவைக்குக் கொடுப்பது என்ற ஒழுங்கை இப்பொழுதே எழுதிப் பாருங்கள்.