குடமும் ஒரு குறிதான்!
(குறியியல் – ஓர் எளிய அறிமுகம்)



ரெசிஸ்டரின் கலர் கோடு நம் எல்லோருக்கும் மனப்பாடம். பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்றால் 1000 ஓம். இதே சிவப்பு முதல் பட்டையில் வந்தால் 2, மூன்றாவது பட்டையில் வந்தால் இரண்டு சைபர். தாம்பரம் சிக்னலில் வந்தால் 'நில்'! ஆக, அர்த்தம் நிறத்துக்குள் இல்லை. அது எந்த இடத்தில், எதன் பக்கத்தில் இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. இதை ஆராயும் துறைக்குப் பெயர் குறியியல்.

சுவிட்சர்லாந்து நாட்டு மொழியறிஞர் சசூர் (1857–1913) ஒரு குறியை இரண்டாகப் பிரித்தார். நாம் காண்பது அல்லது கேட்பது குறிப்பான். அதனால் மனதில் எழும் கருத்து குறிப்பீடு. தமிழில் தமிழவன் 1982-ல் எழுதிய 'ஸ்ட்ரக்சுரலிசம்' என்ற நூல் இந்தச் சிந்தனைகளை விரிவாக அறிமுகப்படுத்தியது. ஆனால் நமக்கு இது அடியோடு புதுசு இல்லை. முல்லை என்றால் பூ மட்டுமல்ல, காத்திருத்தல். நெய்தல் என்றால் இரங்கல் என்று நம் முன்னோர் வகுத்து வைத்திருக்கிறார்கள். தொல்காப்பியம் 'உள்ளுறை' என்று ஒன்றைச் சொல்வதும் மறைபொருளைத்தான்.

சரி, கதையில் இதை எப்படிப் பயன்படுத்துவது? அசோகமித்திரன் (1931–2017) எழுதிய 'தண்ணீர்' நாவலை எடுத்துக்கொள்வோம். சென்னையின் ஒரு தெரு, தண்ணீர்ப் பஞ்சம், ஜமுனா, அவள் தங்கை சாயா. சினிமா வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொல்லி ஜமுனாவை அலைக்கழிக்கும் பாஸ்கர் ராவ். மூன்று படிகளில் பார்ப்போம்.

முதல் படி: எது திரும்பத் திரும்ப வருகிறது? தண்ணீர்.

இரண்டாம் படி: எது எதற்கு எதிராக நிற்கிறது? இருப்பவன் – கேட்பவள்.

மூன்றாம் படி: மாற்றிப் போட்டுப் பார்ப்பது. தண்ணீருக்குப் பதில் மின்சாரம் என்று வைத்தால்? கரண்ட் போனால் தெருவே சேர்ந்து இருட்டில் உட்காரும். யாரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டு வாசலில் நிற்க மாட்டார்கள். தண்ணீர் அப்படியல்ல, கேட்டு வாங்க வேண்டும். ஜமுனாவின் வாழ்க்கையும் அப்படித்தானே, பாஸ்கர் ராவின் தயவில்! ஆகவே இங்கே தண்ணீர் என்பது பிறர் தயவில் வாழும் நிலைக்கு ஒரு குறி என்று நான் முடிவு செய்தேன்.

பெருமையாக இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா சித்தாள் வேலை செய்பவர், பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் வீட்டில் முதலில் படிப்பவன் நான்தான். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "தண்ணி இல்லாதவளுக்குத் தண்ணி மொதல்ல தண்ணிதான்டா. அப்புறம்தான் மத்ததெல்லாம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. 2019 கோடையில் சிட்லபாக்கத்தில் லாரிக்காகக் குடங்கள் வரிசையில் நிற்கும். அம்மா வேலைக்குப் போனாலும், கழுத்தில் நீலத் துணி கட்டிய எங்கள் குடம் அவர் இடத்தில் நிற்கும். ஒருநாள் யாரோ அதைப் பின்னால் தள்ளி வைத்துவிட, அம்மா தெருவே கேட்கச் சண்டை போட்டார். ஒரு குடத்துக்கா இவ்வளவு என்று நான் வெட்கப்பட்டு உள்ளே ஓடிவிட்டேன். இப்போதுதான் புரிகிறது. அங்கே குடம் குறிப்பான்; அம்மா குறிப்பீடு. தள்ளப்பட்டது குடம் அல்ல, என் அம்மா!

எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று நான் நினைத்திருந்தவர் குறிகளை எனக்கு முன்பே படித்தவர்.

நண்பர்களே, மறைபொருள் தேடும்போது இரண்டை மறவாதீர்கள். ஒன்று, மல்டிமீட்டர் வைக்காமல் ரீடிங் எழுதக்கூடாது. கதைக்குள் ஆதாரம் இல்லாத அர்த்தம் வெறும் கற்பனை. இரண்டு, குறியைக் கண்ட மகிழ்ச்சியில் பொருளைத் தொலைக்கக்கூடாது, தாகம் தாகம்தான்.

நூலகத்தில் 'தண்ணீர்' இருக்கிறது. படியுங்கள், படித்ததை வீட்டிலும் சொல்லுங்கள்.