பொழுதுபோக்குக் கடைசலும் பொருளின் விலையும்

வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பட்டாசும் தீப்பெட்டியும் பலருக்குப் பிழைப்பு. ஓய்வு வேளையில் மரம் கடைந்து மன அமைதி பெறுவோரும் சிலர் உண்டு. “செய்த பொருளை என்ன விலைக்குக் கொடுக்கலாம்?” என அவர்கள் வினவுகின்றனர். “மகிழ்ச்சியே கூலி, மரத்தின் விலை வந்தால் போதும்” என விடையும் தாமே கூறிக்கொள்கின்றனர். இது முறையா?

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு குங்குமச் சிமிழுக்கு மரம் 40 ரூபாய், அரக்குச் சாயம் 10, மின்சாரமும் உளித் தேய்மானமும் 10 எனக் கொள்வோம். அடக்கம் 60 ரூபாய். ஒரு மணி நேரக் கூலி 80 சேர்ப்பின் 140 ரூபாய்.

அதனை 60 ரூபாய்க்கு விற்கும் பொழுதுபோக்காளருக்கு நட்டமில்லை. திருநெல்வேலி மாவட்டத்து அம்பாசமுத்திரத்தில் வழிவழியாகச் சொப்புச் சாமான் கடைந்து வாழும் கைவினைஞர் அவ்விலைக்கு விற்பாராயின், அவர் வீட்டில் அடுப்பு எரியாது. வாங்குவோரோ, 60 ரூபாயே நியாய விலை என எண்ணத் தலைப்படுவர்.

ஆகவே அன்பர்கள் உற்றாருக்கு அன்பளிப்பாகத் தாராளமாக வழங்குக. சந்தையில் வைப்பின், கூலியையும் சேர்த்தே விலை கூறுக. விற்பனை குறையலாம், குறையட்டும். எண்ணிக்கையைப் பெருக்க முற்பட்டால், நாடிய ஓய்வும் தொலைந்துபோகுமன்றோ!