சொம்புக் கணக்கும் கல்லூரிக் கணக்கும்

பன்னிரண்டாவது முடித்ததும் எனக்குக் கல்யாணம். 22 வருடமாக இயற்கை வழியில் நெல் சாகுபடி. 44 வயதில் பட்டம் படிக்க ஆசை வந்தது. வயலில் கற்றதையும் படிப்புக் கணக்கில் சேர்ப்பார்களா என்று விசாரித்தபோதுதான் 'முன்கற்றல் அங்கீகாரம்' (ஆர்.பி.எல்.) பற்றித் தெரிந்தது. வேலை செய்தே கற்றதைச் சோதித்துச் சான்றிதழ் தரும் முறை இது. இயற்கை விவசாயத்துக்கும் உண்டு.

முதல் தடவை நான் தேறவில்லை.

"பஞ்சகவ்யா எவ்வளவும்மா அடிப்பீங்க?" என்றார் மதிப்பீட்டாளர்.

"டேங்குக்கு ஒரு சொம்பு சார்."

"சொம்பு எத்தனை மில்லி? எத்தனை சதவீதக் கரைசல்?"

வாயடைத்துப் போனேன். வீட்டுக்கு வந்து அளந்தேன். சொம்பு 300 மில்லி, டேங்க் 10 லிட்டர். சரியாக 3 சதவீதம்! கை சரியாத்தான் செஞ்சிருக்கு, வாய்க்குத்தான் சொல்லத் தெரியல.

அன்று புரிந்தது இதுதான்: எத்தனை வருடம் செய்தோம் என்பதற்கு மட்டும் மதிப்பில்லை, செய்ததில் என்ன கற்றோம் என்று காட்ட வேண்டும். அதற்கு நான் செய்தவை:

1. அளவு: 'ஒரு கை, ஒரு கூடை' எல்லாவற்றையும் கிலோ, லிட்டரில் எழுதினேன். ஜீவாமிர்தம் என்றால் 200 லிட்டர் தண்ணீருக்குச் சாணம் 10 கிலோ, கோமியம் 10 லிட்டர், வெல்லம் 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ, ஒரு கைப்பிடி வரப்பு மண்.

2. காரணம்: மாவும் வெல்லமும் நுண்ணுயிர்களுக்குத் தீனி. ஏன் சேர்க்கிறோம் என்பதையும் பக்கத்திலேயே குறித்தேன்.

3. ஆதாரம்: விதைத்த தேதி, தெளித்த தேதி, மகசூல், விற்ற ரசீது, போட்டோ எல்லாம் ஒரே நோட்டில்.

4. தோல்வி: புகையான் தாக்கிய வருடத்தையும், மறுபோகம் எதை மாற்றினேன் என்பதையும் மறைக்காமல் எழுதினேன்.

இரண்டாம் தடவை தேறிவிட்டேன்.

இனி கல்லூரிக் கணக்கு. 2023-ல் வந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்பில் 30 மணி நேரக் கற்றல் ஒரு கிரெடிட். ஓர் ஆண்டுப் படிப்புக்கு 40 கிரெடிட். தொடர்புள்ள அனுபவத்துக்கும் அதில் இடம் உண்டு. ஏழு வருடத்துக்கு மேல் அனுபவமிருந்து மதிப்பீட்டிலும் தேறினால், அடிப்படைக் கிரெடிட் இரண்டு மடங்கு வரை உயரலாம். 12 என்பது 24 ஆகலாம்.

ஒன்றை மறக்காதீர்கள். அந்தக் கிரெடிட்டைத் தன் படிப்பில் சேர்த்துக்கொள்வது அந்தந்தக் கல்வி நிறுவனத்தின் முடிவு. பணம் கட்டும் முன், "எத்தனை கிரெடிட் ஏத்துக்குவீங்க?" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். நானும் இப்போது அந்தப் பதிலுக்குத்தான் காத்திருக்கிறேன். சேர்த்தாலும் சரி, சேர்க்காவிட்டாலும் சரி, அந்த நோட்டு வீண்போகவில்லை. போன போகத்தில் எங்கே செலவு கூடியது என்று அதுதான் காட்டிக்கொடுத்தது.

நீங்களும் இந்த வாரம் உங்கள் வீட்டுச் சொம்பை அளந்து பாருங்கள்.